பெண் பார்க்க வந்த இடத்தில் மின்சார மனிதன்

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டி, பட்டர்வொர்த்தில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையும் மாலையும் ஃபெரியில் காமிக்ஸ் படிப்பேன், ஆபீஸ் ஃபைலுக்குள் மறைத்து. சூலியா தெருவில் பழைய புத்தகக் கடைக்காரர் எனக்கென்று எடுத்துவைப்பார். தம்பிக்கு வாங்குகிறேன் என்று நினைத்திருந்தார். எனக்குத் தம்பி கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். கை கழுவப் போன அவருடைய அக்கா என் அறைக்குள் எட்டிப் பார்த்து, கட்டிலில் கிடந்த காமிக்ஸைக் கையோடு கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அட்டையில் நீல நிறத்தில் இறுக்கமான உடை போட்ட ஒருவன், விரல்களிலிருந்து மின்னல்.

"இது யாரோடது லா?"

பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது என்று அம்மா சொல்ல வாயெடுப்பதற்குள், என்னுடையது என்றேன். மாப்பிள்ளையின் அம்மா, அன்பாகத்தான், என்ன கதை என்று கேட்டார்.

நானும் ஆரம்பித்தேன். நம்முடையதைப் போலவே ஓடி, எங்கேயோ வேறு பக்கம் திரும்பிவிட்ட இன்னொரு காலத்திலிருந்து வந்தவன் அவன். அங்கே அவன் மனைவி இறந்துவிட்டாள். இங்கே அவள் உயிரோடு இருக்கிறாள், இங்கிருந்த அவன்தான் இறந்துவிட்டான். தொட்டால் அவளுக்குக் கரண்ட் அடிக்கும் என்பதால் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போவான். படித்தபோது நான் அழுத இடம் அது. பட்டுச் சேலையில், கேசரித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னபோது எனக்கே அபத்தமாகக் கேட்டது. நிறுத்தவும் தெரியவில்லை.

"அப்ப செத்தவன் பேயா வர்றான், அப்படித்தானே?" என்றார் அந்த அம்மா.

"பேய் இல்ல ஆன்ட்டி. வேற ஆளு. ஆனா அதே ஆளுதான்."

மாப்பிள்ளை தேநீர்க் கோப்பையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் தோள் குலுங்கியது. மூலையில் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பெண் நல்ல பெண்தான், கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோயிலில் யார் சிரித்தாலும் என்னை நினைத்துத்தான் என்று தோன்றும். தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஒரு மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரை இறக்காமலே கேட்டார்.

"கடைசியில அந்தப் பொண்டாட்டி அவன அடையாளம் கண்டாளா இல்லையா?"

அடுத்த புத்தகம் இன்னும் கடைக்கு வரவில்லை என்றேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தது அவமானத்தால் என்று நினைத்திருந்தேன். கதை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவ்வளவு பேர் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. துணியோடு அறைக்குள் போய்விட்டேன்.