வெள்ளையடிக்க வேண்டிய வீடு

வீட்டுக்காரரையும் நம்பாதே, குடியிருப்பவரையும் முழுசாக நம்பாதே: எங்கள் வேலையில் முதலில் சொல்லித் தருவது இதுதான்.

கொரோனா ஊரடங்கின்போது ஆம்பூரில் ஒரு உதவி எண்ணில் உட்கார்ந்திருந்தேன். வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படுபவர்கள் எங்களுக்குப் போன் செய்யலாம். இந்தக் கதையின் தொடக்கம் நான் நேரில் கேட்டதல்ல. என்னோடு அங்கே வேலை பார்த்த, முதல் போனை எடுத்த ஷகிலா அக்கா சொன்னது. வாடகை வீட்டில் காலம் தள்ளும் நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

அகராதியில் இல்லாத அர்த்தம்

போன் செய்தவர் தேவி, ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுபவர். கணவர் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரி மூடிக் கிடந்தது. வீட்டு ஓனர் நடராஜன், வெள்ளையடிக்க வேண்டும், இந்த வாரமே காலி செய் என்றாராம்.

"வெள்ளையடிக்கத்தானே கேட்கிறார், அதில் என்ன தப்பு?" என்றேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும். ஷகிலா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, ஆஸ்பத்திரி வேலைக்காரின்னு துரத்துறாரு. ஊர்ல எல்லாக் கடையும் பூட்டியிருக்குது, இன்னாத்தால வெள்ளையடிப்பாரு?"

ஓனர் பேசினார்

இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டு நடராஜனுக்குப் போன் செய்தேன். தொழிலாளர்களைக் காலி செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாதென்று அரசு உத்தரவு இருப்பதைப் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"தேவி தங்கமான பொண்ணுப்பா, சுவருதான் பேஜாரா கீது. ஆமா, நீ யார் வீட்ல வாடகைக்கு இருக்குற?"

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஓனர் வந்து சும்மா சுவரைப் பார்த்தார்.

வாசலில் கோடு

நடராஜன் ஆள் வைத்துச் சாமான்களை வெளியே போடப்போகிறார் என்று தேவி மறுபடி அழைத்தார். அடுத்த நாள் காலை நேரில் போனேன். வாசலுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. தொற்று வந்த வீட்டின் முன் பிளீச்சிங் பவுடர் போடுகிற காலம் அது. தெருவே கதவைச் சாத்தியிருந்தது. எதிர்ப்பக்கம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடராஜன் நின்றார்.

அக்கம்பக்கமே தேவியைத் துரத்தட்டும் என்று இவர்தான் போட்டிருக்க வேண்டும்! மாஸ்க்கை இறக்கிக் குனிந்து முகர்ந்தேன். மூக்கு எரியவில்லை. என் அப்பாவும் டேனரித் தொழிலாளிதான். தோலை ஊறவைக்கிற சுண்ணாம்பு, அவர் சட்டையில் வரும் அதே வாசனை.

"இதைப் போட்டது நீங்கதானே சார்?" என்றேன். நடராஜன் இன்னும் நாலடி பின்னால் போனார்.

"நான் எதுக்குய்யா போடுறேன்? கூட்டியாந்த ஆளுங்க அதப் பார்த்துட்டே ஓடிட்டானுங்க. அவ இருந்துட்டுப் போறா, நீ மொதல்ல கிட்ட வராத!"

ஜன்னலில் தேவி

ஓனர் போனதும் ஜன்னல் பக்கம் போய், "உள்ளே யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டேன். ஒரு தும்மல்கூட இல்லை என்றார் தேவி. வேலைக்குப் பின்பக்கமாகப் போய்வருகிறாராம். சுண்ணாம்பு, கணவர் எப்போதோ டேனரியிலிருந்து கொண்டுவந்தது. பொய்க்குத் துணைபோகிறேனோ என்று தெருவைத் திரும்பிப் பார்த்தேன். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"அவருதான தம்பி வெள்ளையடிக்கணும்னாரு? அவருக்கு எதுக்குச் சிரமம்னு நாங்களே அடிச்சிட்டோம்."

ஊரடங்கு முடிந்து வெகுநாள் கழித்துப் போய்ப் பார்த்தேன்: தேவி குடும்பம் அங்கேதான் இருக்கிறது, அந்த ஒரு கோட்டுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வெள்ளையடிக்கவே இல்லை.