ராசாங்கத்துக்கு வைத்த அரிசிப் பரீட்சை

செந்துறை பஸ் ஸ்டாப்பில் சைக்கிள் கடை வைத்திருந்த ராசாங்கத்துக்குக் கல்யாணம் கூடி வந்ததே பெரிய அதிசயம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நகக்கண்ணில் இருக்கும் கிரீஸைப் பார்த்ததுமே பெண் வீட்டார் காப்பித் தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் ஆண்டிமடத்து அரியமுத்து தன் மகள் பஞ்சவர்ணத்தைக் கொடுக்கச் சம்மதித்து, தை மாதத்தில் நாளும் குறித்தார். எண்பத்திரண்டோ எண்பத்து மூன்றோ, சரியாக நினைவில்லை. அந்த வருஷத்து மழையில் ஊர்க் கிணறு கலங்கி, தெருவுக்கு நாலு பேர் மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். எங்கள் மாப்பிள்ளை சும்மா இருப்பானா? முதல் ஆளாகப் படுத்தான்.

கீழாநெல்லி குடித்தான். உப்பு, எண்ணெய் இல்லாமல் தின்றான். கார்த்திகை முடிவதற்குள் கண் வெளுத்து, பசியும் வந்துவிட்டது. ஆனால் நோய் உடம்பை விட்டுப் போய்விட்டதா? வைத்தியர் ஒரு மண்டலம் ஆகும் என்றார். டீக்கடைக்காரர்கள் ஆறு மாசம் என்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் காமாலை வந்ததில்லை. அரியலூர் டாக்டரோ, உள்ளுக்குள் இன்னும் எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, உனக்குக் குணமாகிவிட்டது, போ என்று சொல்லி, தெம்புக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பெண்ணைக் கொடுக்கிறவருக்கு இந்தப் பேச்சு போதுமா? அரியமுத்து வாராவாரம் பஸ் ஏறி வந்தார். மாப்பிள்ளையின் மூத்திரத்தைக் கொட்டாங்கச்சியில் பிடித்து வரச் சொல்லி, நாலு அரிசியைப் போட்டுவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அரிசி மஞ்சளானால் காமாலை இருக்கிறது, வெள்ளையாகவே இருந்தால் போய்விட்டது. அரிசியைக்கூட எங்களை நம்பாமல் மடியில் கட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு தடவையும் அது மஞ்சளாகத்தான் ஆயிற்று. தை போயிற்று. மாசிக் கடைசி முகூர்த்தம் வரைக்கும் பார்ப்பேன், இல்லாவிட்டால் ஜெயங்கொண்டத்தில் இருக்கும் என் அக்கா மகனுக்கே கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

ராசாங்கம் அழுதேவிட்டான். சின்ன வயசிலிருந்தே அவன் கூட்டாளியான எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தடவை என்னுடையதைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னேன்.

"அப்புறம் அந்தப் புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்னடா பண்றது?" என்றான். 

நோயைச் சீக்கிரம் விரட்டப் போவதாக நினைத்து, ஒரு மாத்திரை போடச் சொன்ன இடத்தில் அவன் மூன்று போட்டான். அடுத்த வாரம் அரிசி முன்னைவிடப் பளபளவென்று மஞ்சளாயிற்று.

அன்று அரியமுத்து பஸ்ஸில் வந்த களைப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். ராசாங்கத்தின் தாய் பொன்னாயி மனசு இளகி, தினம் ஒன்று போடுங்கண்ணே என்று மகனுடைய சத்து மாத்திரையில் ஓர் அட்டையைக் கொடுத்தனுப்பினாள்.

மறுவாரம் மனிதர் வரவில்லை. பெண் கைவிட்டுப் போயிற்று என்று ராசாங்கம் கடையைக்கூடத் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் அரியமுத்து வந்தார். கொட்டாங்கச்சி கேட்கவில்லை. முகம் தொங்கிப் போயிருந்தது. விசாரித்தபோதுதான் விஷயம் வந்தது. முந்திரித் தோப்பில் ஒதுங்கிய இடத்தில் தன்னுடையதே மஞ்சளாகப் போகக் கண்டு, அவரும் அரிசி போட்டுப் பார்த்திருக்கிறார். அதுவும் மஞ்சள். மருமகனிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று நடுங்கிப்போய், அதே அரியலூர் டாக்டரிடம் ஓடியிருக்கிறார். டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், என்னய்யா தின்கிறாய் என்று கேட்டார். இவர் அட்டையை எடுத்துக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார். அந்த மாத்திரையைப் போட்டால் யாருக்கும் அப்படித்தான் போகுமாம்.

இவ்வளவுக்கும் பிறகும் அரியமுத்து விட்டாரா? மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடி வந்து அரிசி போட்டுப் பார்த்தார். வெள்ளை. அந்த நாலு அரிசியைச் சாமி படத்தடியில் வைக்கப்போன பொன்னாயியை நான்தான் தடுத்தேன்.

மாசிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். அட்சதைத் தட்டு மணவறைக்கு வந்தது. தட்டு நிறைய மஞ்சள் அரிசி. ராசாங்கம் தாலியைப் பிடித்தபடியே மாமனார் முகத்தைப் பார்த்தான்.

அரியமுத்து அவன் காதருகே குனிந்தார். "பயப்படாதீங்க மாப்ள. இது நாங்க மஞ்சத்தூள் போட்டுக் கலந்தது."

அதுவரை தலை நிமிராமல் இருந்த பஞ்சவர்ணம் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் தாலியைக் கட்டினான்.