அழுத்தம், ஓட்டம், தடை

இஸ்திரிப் பெட்டி மாட்டும் பிளக் பாயிண்ட் மூன்றாவது முறையாக உருகியபோது, என் கணவர் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

"போதும் புள்ள. இந்தச் சோலியே நமக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு வீடே எரிஞ்சுபோவும்" என்றார்.

தாராவியில் எங்களுக்குக் கீழே ஓர் அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே ஓர் அறை. மேலறையில்தான் நான் இஸ்திரி போடுவேன். அவர் வேலை பார்க்கும் தையல் கூடத்திலிருந்து தைத்து முடித்த சட்டைகள் மூட்டையாக வரும். தேய்த்து, மடித்து, காலருக்குள் அட்டை செருகி, உறையில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்குள்ளேயே ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்கு வந்தவள் நான். இங்கே நானாகத் தேடிக்கொண்டது அந்த வேலை ஒன்றைத்தான். அதைப் பரணில் ஏற்றிவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

ஒவ்வொரு முறையும் ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தார். கருகிய பாயிண்டைக் கழற்றிப் புதியதை மாட்டினார். "லோடு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசித் தடவை, லோடு என்றால் என்ன, தினமும் தேய்க்கிற அதே பெட்டிக்கு அது திடீரென்று எப்படி ஜாஸ்தியாகும் என்று இந்தியில் கேட்டேன். "அது உங்களுக்குப் புரியாது பாபி" என்றார், அண்ணி என்று மரியாதை வைத்து. அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குப் புரியாதுதான். ஆனால் புரியாது என்று இன்னொருவர் சொல்லிக் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் செம்பூரில் ஒரு சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். பெண்களுக்கு வீட்டு வயரிங் வகுப்பு, சனிக்கிழமை மத்தியானங்களில். தையல், மெஹந்தி, பியூட்டி பார்லர் என்று எத்தனையோ நோட்டீஸ்களைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை.

கணவரிடம் சொன்னேன்.

"கரண்டு வேலையா? அதப் படிச்சு நீ என்ன செய்யப் போற?"

"அந்தப் பிளக்கு ஏன் எரியுதுன்னு தெரிஞ்சுக்கிடப் போறேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாலிப வயதில் ஈரச் சுவரில் கை வைத்து ஷாக் அடித்து விழுந்தவர் அவர். "போய்ட்டு வா. ஆனா நம்ம வீட்டு போர்டுல மட்டும் கை வைக்காத" என்றார்.

சயானில் பஸ் பிடித்துப் போனேன். ஒரு சங்கத்தின் கூடம், நீள மேசை, மேசைமேல் பேட்டரி, பல்பு, வயர்த் துண்டுகள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு இளம் மராத்திப் பெண். எங்களைவிடச் சின்னவர் என்றாலும் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். பலகையில் வி, ஐ, ஆர் என்று மூன்று எழுத்துகளை எழுதினார். வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் இது, வகுத்தால் அது. பெருக்கல் தெரியும். எதை எதோடு பெருக்குகிறோம் என்பதுதான் தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் பக்கமாகச் சாய்ந்து, "நீ தமிழா?" என்றார். மாதுங்காவில் தனியாக இருப்பவர். பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூட யாரையாவது கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதால் வந்ததாகச் சொன்னார். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமி. கணக்கெல்லாம் மனதிலேயே போட்டுவிடுவார். ஆனால் பேட்டரி வயரைத் தொடச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். எனக்கு வயரைச் சீவவும் முறுக்கவும் முதல் நாளே வந்துவிட்டது. கணக்கு என்றால்தான் பென்சில் நகராது.

டீ குடிக்கும்போது மாமி, "தமிழ்ல இதுக்கெல்லாம் என்ன பேரு? நான் இங்கிலீஷ் மீடியம். நேக்குத் தெரியாது" என்றார்.

தாராவியில் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள் நான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது அப்படியே வாயில் வந்தது. "மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை."

"மெதுவாச் சொல்லு."

திரும்பச் சொன்னேன்.

"மின்னை எடுத்துடு" என்றார் மாமி. "அழுத்தம், ஓட்டம், தடை. அவ்வளவுதானா! இதைச் சொல்றதுக்கா அந்தப் பொண்ணு இவ்வளவு கஷ்டப்படறது?"

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். எத்தனை வருஷமாக அந்தச் சொற்கள் என்னிடம் கிடந்திருக்கின்றன! மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் அவை என்ன சொல்கின்றன என்று காது கொடுத்துக் கேட்டதில்லை. சொற்கள் என்னிடம் இருந்தன. மாமிக்குத்தான் அவை காதில் விழுந்தன.

அதற்குப் பிறகு காலையில் குழாயடியில் நிற்கும்போதெல்லாம் அந்த ஞாபகம்தான். தண்ணீர் வேகமாக வரும் நாளில் அழுத்தம் அதிகம். குடத்தில் விழுவது ஓட்டம். பைப்பை மிதித்துக்கொண்டு யாராவது நின்றால் தடை. மேடமிடம் சொன்னேன். சரிதான், ஆனால் ஒரு எல்லை வரைதான் என்றார். பைப்பை அறுத்தால் தண்ணீர் கொட்டும். வயரை அறுத்தால் எதுவும் கொட்டாது. போன மின்சாரம் திரும்பி வர வழி இருந்தால்தான் ஓட்டமே. பல்பின் ஒரு வயரைப் பேட்டரியில் வைத்தேன்; எரியவில்லை. இரண்டாவது வயரை மறுமுனையில் தொட்டதும் எரிந்தது. எடுத்தேன், தொட்டேன், எடுத்தேன், தொட்டேன். மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போன பிறகும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் என்னை விடவில்லை. தடை இருக்கும் இடம்தான் சூடாகும் என்றார் மேடம். அப்படியென்றால் நன்றாகச் சூடாகிற பெரிய பெட்டிக்குத்தானே தடை அதிகம் இருக்க வேண்டும்? வகுப்பில் மீட்டர் வைத்து அளந்து பார்த்தால் நேர்மாறு. பரணிலிருந்து இறக்கி நான் எடுத்துப்போயிருந்த பெட்டியின் தடை ஐம்பத்து மூன்று ஓம். மாமி கொண்டுவந்த சின்னப் பெட்டிக்கு அதைவிடக் கூடுதல். மாமிக்கும் இது புரியவில்லை. இரண்டு பேரும் மேடத்தைப் பிடித்துக்கொண்டோம்.

அவர் பொறுமையாகச் சொன்னார். தனியாக ஒரு பெட்டியை லைனில் மாட்டினால், அழுத்தம் முழுவதும் அதற்குத்தான். தடை குறைந்தால் ஓட்டம் கூடும், சூடும் கூடும். ஆனால் அதே பாதையில் நடுவில் ஓர் இடத்தில் லூஸாக ஒரு இணைப்பு இருந்தால் கதை வேறு. பெட்டிக்குப் போகிற அதே ஓட்டம்தான் அதன் வழியாகவும் போகும். பெட்டிக்குச் சேர வேண்டிய அழுத்தத்தில் கொஞ்சம் அங்கேயே செலவாகிச் சூடாகும்.

"எவ்வளவு சூடாகும்?" என்றேன்.

"இணைப்பில் மூணு ஓம்னு வை" என்று மாமி கணக்குப் போட ஆரம்பித்தார். உதடு அசைந்தது. "பன்னிரண்டு வோல்ட் அங்கேயே போயிடறது. ஐம்பது வாட். ஒரு பல்பு எரியற சூடு. அந்த இத்தனூண்டு இடத்துல!"

என் பிளக் பாயிண்ட்தான் இருவருக்கும் நினைவுக்கு வந்தது.

மேடமிடம் மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுபடி பரணுக்கே போயிருந்த பெட்டியைக் கணவர் இறக்கித் தந்தார். ஏணிப் படியில் பாதி ஏறி நின்றுகொண்டார்.

பிளக் பாயிண்டில் அளந்தேன்: இருநூற்று இருபத்தெட்டு. பெட்டியை மாட்டிப் போட்டுவிட்டு, அதே வயரில் இருக்கும் பக்கத்துத் துளையில் அளந்தேன்: இருநூற்றுப் பதினாறு. கீழே இறங்கி மெயின் சுவிட்சில் அளந்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தும் அங்கே இருநூற்று இருபத்தேழு.

"என்ன சொல்லுது?" என்றார் அவர்.

"இங்க இருக்கிறது அங்க போய்ச் சேரல. நடுவுல எங்கேயோ போவுது."

"யாரும் திருடுதானா?"

"இல்ல. சூடாப் போவுது."

அவரையும் மேலே கூட்டிப்போய் மீட்டரை அவர் கையில் கொடுத்தேன். நான் பெட்டியைப் போட்டு அணைக்க, எண் இறங்கி ஏறுவதை அவரே பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். பிறகு கேட்காமலே கீழே போய் மெயினை அணைத்தார். யாரும் போட்டுவிடாதபடி அங்கேயே நின்றார். "அமத்தியாச்சு. ஆனா டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத் தொடு" என்று கீழேயிருந்து சத்தம் போட்டார். போர்டில் கை வைக்காதே என்றவர் அவர்தான்.

டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினேன். பாயிண்டுக்குப் பின்னால், எட்டாத வயரை எட்ட வைக்க யாரோ ஒரு துண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் கருகி, தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்து, நெளிந்து, பட்டும் படாமலும் இருந்தது. மூன்று தடவை பாயிண்டை மாற்றினோம். ஒரு தடவையும் இதை யாரும் பார்க்கவில்லை. லோடு ஜாஸ்தியாகவில்லை. வழியில் ஓர் அடைப்பு, அவ்வளவுதான்.

இருவருமாகக் கடைக்குப் போய்க் கனமான வயர் வாங்கி வந்தோம். மெயினிலிருந்து பாயிண்டு வரை நடுவில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக இழுத்தேன். அவர் சுவரில் கிளிப் அடித்தார். மறுபடி அளந்தபோது, பெட்டி ஓடும்போதும் இருநூற்று இருபத்தாறு. அன்று சாயங்காலமே ஒரு மூட்டை சட்டை தேய்த்தேன். அவர் நடுநடுவே வந்து பாயிண்டின் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்த பிறகு மாமி என்னை மாதுங்காவுக்குக் கூப்பிட்டார். குளியலறைக் குழாயைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறதாம். ரொம்ப நாளாகவே ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறார். கீஸரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்துக்கு உரிய பச்சை வயர் எதிலும் சேராமல் மடங்கிக் கிடந்தது. "நானே பண்றேன்" என்றார் மாமி. அந்த ஸ்க்ரூவை அவரே முறுக்கினார்.

மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் வாசல் பக்கமிருந்து டக் என்று ஒரு சத்தம். வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

"கெடுத்துட்டோமா?" என்றார் மாமி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கீஸரைக் கழற்றிவிட்டு, வாசலில் கசிவு கண்டால் தானே அணைந்துவிடும் டிரிப் சுவிட்சை மேலே தள்ளினோம். மேலேயே நின்றது. கீஸரை மாட்டினோம். மறுபடி டக். அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. கீஸருக்குள்ளேயே கசிவு இருக்கிறது. இதுவரை அதற்குப் போகச் சரியான வழி கிடையாது. இப்போது பச்சை வயரில் தடையில்லாத வழி கிடைத்ததும் அந்தப் பக்கம் பாய்ந்திருக்கிறது. சுவிட்ச் அதைக் கண்டுகொண்டது.

"அப்போ இத்தனை நாளா அது எந்த வழியாப் போச்சு?" என்று மாமி கேட்டார். பதில் அவருக்கே தெரிந்ததுபோல் குழாயையும் தன் விரலையும் பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் புது கீஸர் வந்தது. தண்ணீர்க் குழாயைக் கடைக்காரர் ஆள் மாட்டினார். மின்சார வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவரை அனுப்பிவிட்டோம். எர்த்தை மட்டும் மூன்று தடவை சரிபார்த்தோம். எல்லாம் முடிந்த பிறகு, யார் சுவிட்சைப் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாமிதான் போட்டார்.