கோட்டுப் பையில் கிடந்த மருந்து

எங்கள் கிளினிக்கில் காலையில் வருகிறவர்களுக்கு நெற்றிச் சுருக்கம். மதியத்துக்கு மேல் வருகிறவர்களுக்கு இறுகிப்போன கை, கால், கழுத்து. இரண்டு கூட்டத்துக்கும் போடுவது தசையைத் தளர்த்தும் ஒரே ஊசிதான். காலை ஆட்கள் கண்ணாடியோடு மல்லுக்கட்டுவார்கள், மதிய ஆட்கள் சட்டைப் பொத்தானோடு.

தையல்காரர் மதிய ஆள். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை முஷ்டியாக மடங்கி, நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகிவிடும். ஊசி போட்டால் மூன்று மாதத்துக்கு விரல்கள் விரியும். கழுவலாம், நகம் வெட்டலாம். கத்தரியைக்கூடப் பிடித்துப் பார்ப்பார். பக்கவாதம் வாயை மட்டும் தொடவில்லை. டாக்டரின் காலரைப் பார்த்து, "இதைத் தைச்சவனுக்கு உங்க மேல என்ன கோபம்?" என்று கேட்டவர் அவர். என் கோட்டுப் பை கிழிந்திருப்பதைப் பார்த்து, கோட்டையே கழற்றி வாங்கிக்கொண்டு போனார். அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவி மிஷினில் தைத்தாராம். நல்ல ஆழமான பை.

"இனிமே எதுவும் கீழ விழாது சிஸ்டர்" என்றார்.

அந்தப் பையில்தான் அவருடைய மருந்துக் குப்பியை மறந்து தொலைத்தேன். ஊசிக்கு முந்தின நாள் அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து லேபிளைச் சரிபார்க்கும்போது போன் வந்தது. ஒரு புருவம் ஏறிவிட்டதென்று ஒரு காலை ஆள் அரை மணி நேரம் கத்தினாள். குப்பி பைக்குள் போனது, கோட்டு என்னோடு வீட்டுக்குப் போனது. மறுநாள் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஃப்ரிட்ஜில் தேடினேன். பிறகு பைக்குள் கைவிட்டேன். குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. குளிர் விட்டால் கெட்டுப்போகிற மருந்து அது.

புதுக் குப்பி வர பத்து நாளாகும். அவரும் மனைவியும் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து, ஜில்லென்று ஆனதும் எடுத்துக் கொடுத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். முஷ்டி முஷ்டியாகவே இருந்தது.

"வீட்ல பயிற்சி செய்யறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க செய்யறாரு? வாய்தான் வேலை செய்யுது. சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு" என்றார் மனைவி.

தையல்காரர் பதிலுக்குக் கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். "என் தப்புதான் டாக்டர். சரியா செய்யல போலிருக்கு" என்றார். தினமும் இரண்டு வேளை செய்திருக்கிறார் என்பது இழுத்து இழுத்துக் கன்றிப்போன அந்த விரல்களின் தோலைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "அவர் மேல தப்பில்லக்கா. மருந்து கெட்டுப்போச்சு. ராத்திரி முழுக்க என் பையில கிடந்துது. தெரிஞ்சேதான் எடுத்துக் குடுத்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கணவரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு வாரமா உங்களைத் திட்டினேனே" என்றார். "சோத்துத் தட்டைக்கூட ஒழுங்கா வைக்கலையே."

தையல்காரர் என் கோட்டைப் பார்த்தார். "பையை நான்தான் ஆழமா வெக்கச் சொன்னேன் சிஸ்டர்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அந்த அம்மா புண்ணைத் துடைக்க அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் பிரியவில்லை. போட்டது கெட்ட மருந்தானாலும் மூன்று மாத இடைவெளி விட்டாக வேண்டும்; அடுத்த ஊசிக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது.