விவரம் கேட்காத குரல்

ஒலிபெருக்கி வண்டிகளுக்குப் பேசிப் பதிவு செய்து கொடுக்கும் அந்த மனிதரை ஊரே 'உருக்கம்' என்றுதான் அழைத்தது. தேர்தலில் எதிரெதிராக நின்ற இருவருக்கும் ஒரே காலையில் பேசி, இரண்டு பக்கத்தையும் அழவைத்த சாதனையாளர்.

அவருக்கென்று ஒரு தொழில் தர்மம் இருந்தது. விஷயம் என்னவென்று கேட்கவே மாட்டார். "அழணுமா, கொதிக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க" என்பார். விவரம் தெரிந்தால் தொண்டை தழுதழுக்காதாம். தெருப்பெயர் வரும் இடத்தில் மூன்று விநாடி இடைவெளி விடுவார். கூலி கொடுத்தவர் தன் ஆளை வைத்து நிரப்பிக்கொள்ள வேண்டியது. தாய், மண், தியாகம், பிள்ளைகளின் எதிர்காலம் என்ற நான்கை இடம் மாற்றிப் போட்டே மகளைக் கட்டிக்கொடுத்தவர் அவர்.

ஒரு கட்டுமானக் கம்பெனிக்கும் அப்படித்தான் பேசினார். அடுத்த வாரம் சாப்பாட்டு வேளையில் மனைவி, ரசத்தை ஊற்றிக்கொண்டே, தெருவுக்கு வந்த வண்டியின் பேச்சைக் கேட்டு வீட்டை அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். வீடு அவள் அப்பா அவள் பெயரில் எழுதி வைத்தது. பதிலுக்கு ஊருக்கு வெளியே ஐந்தாம் மாடியில் ஒரு வீடு. அந்தக் கட்டடத்துக்கு இன்னும் குழிகூடத் தோண்டவில்லை. சம்மதத்தைத் திரும்பப் பெற அன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

உருக்கம் தட்டைத் தள்ளிவைத்தார்.

"எவனோ கூலிக்குக் கத்துனதைக் கேட்டு வீட்டைக் குடுப்பியாடி?"

"எவனோவா? உங்க குரல் எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷத்துல என்கிட்ட ஒருநாள் அப்படிக் கெஞ்சியிருக்கீங்களா? இந்த மனுஷனே இவ்வளவு கெஞ்சுறாருன்னா விஷயம் இருக்கும்னு போட்டேன்."

அத்தனையும் பொய் என்று அவர் ஒப்புக்கொண்டார். பிள்ளைகளின் எதிர்காலமுமா என்று அவள் கேட்டாள். அதுவும்தான் என்றார்.

"அப்ப இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?"

"இதுக்கு யாரும் எனக்குக் காசு தரல."

அவள் கைப்பையை எடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கம்பெனி அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். 'சூழ்நிலை கருதி' என்று எழுதி அடித்தார் உருக்கம். 'தவிர்க்க இயலாத' என்று ஆரம்பித்து அதையும் அடித்தார். ஊரையே அழவைத்த மனிதருக்கு ஒரு வரி வரவில்லை. மனைவி பேனாவை வாங்கி எழுதினாள்: 'என் வீட்டுக்காரர் ஒலிபெருக்கியில் பொய் சொன்னதால்.'

குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டுப் படிவத்தை உருக்கத்தின் பக்கம் தள்ளினார். "சாட்சிக் கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார்.

பின்னால் நின்ற எதிர்வீட்டு அம்மாள் தன் படிவத்தை நீட்டினாள். "அதே காரணத்தை எனக்கும் எழுதிக் குடு அக்கா. சாட்சிக்கு அண்ணன்தான் இருக்காரே."

ஐந்து மணிக்குள் உருக்கம் பதினெட்டுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும், தன் தொழில் தர்மத்துக்கு மாறாக, முழுவதும் படித்துவிட்டு.