மெட்டியோடு உள்ளே அனுப்ப இயலாது

இதனை வாசிக்கும் ஐயா அவர்களே, அம்மையார் அவர்களே,

வெம்பக்கோட்டை சாலையிலுள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாயிலில், வேலைக்கு வரும் பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்புவது என் பணி. கைபேசி, கொண்டை ஊசி, கொலுசு, நைலான் சேலை எதுவும் என்னைத் தாண்டிச் செல்லலாகாது. பேக்கிங் பகுதிக்குச் செல்வோர் மெட்டியின் மீது துணி சுற்றிக்கொண்டால் போதும். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறைக்குச் செல்வோர் அதனையும் கழற்றியாக வேண்டும். சிந்திய மருந்தின் மேல் உலோகம் உரசினால் அவ்வறையில் எவரும் மிஞ்சார்.

என் ஒரே மகள் கணவரோடு பிணங்கி என்னிடம் வந்து தங்கி, பேக்கிங் பகுதியில் வேலை செய்துவந்த காலம் அது. அத்திருமணத்தில் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. நான் கணவரை இழந்தவள்; என் விரல்களில் மெட்டி இல்லை.

தீபாவளி சீசனுக்கு ஆள் குறைந்தமையால், அன்று காலை போர்மேன் அவளை மருந்து அறைக்கு மாற்றினார். அவள் வழக்கம்போல் மெட்டியில் துணி சுற்றி வரிசையில் வந்து நின்றாள்.

“கழட்டிட்டுப் போ பிள்ள,” என்றேன்.

“துணி சுத்தியிருக்கேன்ல.”

“மருந்து ரூமுக்குத் துணி ஆகாது.”

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “அவரை அத்துவிடச் சொன்ன, நான் கேக்கல. இப்ப வேலையைச் சாக்கா வச்சு மெட்டியக் கழட்டச் சொல்ற. அவரு உசுரோட இருக்காரும்மா.”

பின்னால் நின்ற பெண்மணி, “ஏத்தா, நாங்களும் கழட்டிட்டுத்தான் போறோம். எங்க வீட்டு ஆம்பளைக குத்துக்கல்லு மாதிரித்தான் இருக்காக,” என்றார். வரிசை சிரித்தது.

“உங்களைக் கழட்டச் சொல்றது உங்க ஆத்தா இல்லையே,” என்றாள் என் மகள். சிரிப்பு நின்றது.

போர்மேன் வந்தார். மருந்து வேலையின் பெரும்பகுதியை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். “அக்கா, நேரமாகுது. ஒங்க மகதான, விடுங்க,” என்றார்.

“இவளை விட்டுட்டு நாளைக்கு யாரைக் கழட்டச் சொல்லுவேன்?” என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். “இன்னைக்கு என்னைய இங்கன கழட்ட வச்சா, ஒன் வீட்டுக்கு வர மாட்டேன்.”

அவள் செல்லத்தக்க வேறிடம் ஏதுமில்லை. சொன்னதைச் செய்பவள் என்பதும் எனக்குத் தெரியும். நான் வழிவிடவில்லை.

அவள் தரையில் அமர்ந்து மெட்டிகளைக் கழற்றித் துணியில் முடிந்தாள். நீட்டிய என் கையைத் தவிர்த்து, வாயிலில் நின்ற காவலாளியிடம் கொடுத்தாள். “அண்ணாச்சி, நீங்களே வச்சிருங்க. இவ கைக்குப் போகக் கூடாது.”

அன்று சாலையில் லாரி டயர் வெடித்தபோதுகூட நான் எழுந்து உள்நோக்கி ஓடினேன்.

மாலையில் அவள் அலுமினியத் தூள் படிந்த கைகளைக் கழுவிவிட்டு வந்தாள். முடிச்சைப் பெற்றுக்கொண்டு, வாயிற்கல்லில் அமர்ந்து, காலை என் பக்கம் நீட்டினாள்.

“போட்டு விடு.”

“நான் தொடக் கூடாது பிள்ள.”

“கழட்டச் சொல்லத் தெரிஞ்சதுல்ல. போடு.”

அணிவித்தேன்.

“நாளைக்கும் கழட்டச் சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

அவள் எழுந்து கம்பெனி வேனில் ஏறினாள். எனக்கு இடம் போடவில்லை. எங்கள் தெருமுனையில் வேன் நின்றதும் எனக்கு முன்பாக இறங்கி, எங்கள் வீட்டை நோக்கி நடந்தாள்.

இவ்விவரத்தைத் தாங்கள் பத்திரப்படுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.