கவ்வாத்துக் கத்தியும் பூனையின் விரலும்

எங்கள் பூனையின் முன்னங்கால் விரல் ஒன்று வீங்கி, நகம் கோணி, சீழ் வடியத் தொடங்கியது. காலைத் தரையில் ஊன்றாது. தொட்டால் சீறும். வீட்டில் எல்லாரும் கடி வாங்கினோம்.

அண்ணன் அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அழுகிய கொப்பை வெட்டித் தள்ளினால் செடி பிழைக்கும். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பீலித் தண்ணீரில் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தால், பூனையை உரச் சாக்குக்குள் திணித்து, முழங்காலால் அமுக்கி, அந்தக் காலை மட்டும் வெளியே இழுத்து வைத்திருக்கிறான். கையில் கவ்வாத்துக் கத்தி. சாக்குக்குள் இருந்து வந்த அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது.

"ஒரே வெட்டுதான். விரலு போனாப் போகுது, உசுரு நிக்கும்ல?"

எனக்குக் கண்மண் தெரியவில்லை. விறகுக்கட்டையை எடுத்து அவன் தோளில் ஓங்கிப் போட்டேன். அவன் என் தலைமயிரைப் பிடித்தான். நான் அவன் காதைக் கடித்தேன். லயத்து வீடுகளிலிருந்து சனம் ஓடி வந்து பிரித்துவிட்டது.

மறுநாள் பூனையை அட்டைப்பெட்டியில் வைத்து, நானும் அண்ணனும் ஒருவரோடொருவர் பேசாமல் ஹட்டன் பஸ் ஏறினோம். மிருக வைத்தியர் காலையும் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்தார்.

"புற்றுநோய். நுரையீரல்ல தொடங்கி விரல் எலும்புக்கு வந்திருக்கு. பூனைகளுக்குச் சில நேரம் இப்படித்தான், கால்லதான் முதல்ல தெரியும். விரல எடுத்துப் பிரயோசனம் இல்ல."

அண்ணன் எழுந்து, உட்கார்ந்திருந்த கதிரையை எட்டி உதைத்தான். "வெட்டிப் பாக்காம எப்படி சார் சொல்லுவீங்க? வெட்டுங்க!"

வைத்தியர் பூனையின் பின்னங்காலைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் ஒரு விரல் வீங்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

"ரொம்ப வலிக்குமா சார்?" என்று அண்ணன் கேட்டான்.

"ஆமா. எலும்புக்குள்ள வலி."

வலியில்லாமல் செத்துப்போக ஊசி போட்டுவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். சொன்ன வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்துக்கொள்ளச் சொன்னபோது என்னால் முடியவில்லை. அண்ணன் பிடித்தான். ஊசி குத்தியதும் பூனை அவன் முன்கையில் நகங்களை இறக்கியது. ரத்தம் மேசையில் சொட்டியது.

"கைய எடுங்க தம்பி," என்றார் வைத்தியர்.

"பரவால்ல சார். பிராண்டட்டும்."

பூனை அடங்கிய பிறகும் நகங்கள் அவன் தோலில் மாட்டியபடியே கிடந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வீங்கிய விரலில் கை வைக்கப் போனதும் அண்ணன் என்னைத் தடுத்தான்.

"மெதுவா புள்ள," என்றான், "அதுக்கு வலிக்கும்."